மேசையை எடுத்துவிட்டால்

மாமனாரைத் தூக்கி உட்கார வைப்பதற்கு ஒரு முறை இருந்தது. முதலில் அவருடைய இடது முழங்காலை மடக்கி வைக்க வேண்டும். பிறகு இரண்டு அக்குளிலும் கை கொடுத்து, தன் முட்டியைக் கட்டில் சட்டத்தில் அண்டக் கொடுத்து, மூச்சைப் பிடித்துக்கொண்டு ஒரே தூக்கு. பாதியில் விட்டு மறுபடி தூக்கினால் அன்றைக்கு முழுக்க முதுகு நிமிராது. அவருக்குப் பக்கவாதம் வந்து பதினான்கு மாதம் ஆகிறது. இந்த முறையை தேவயானி தானாகவே கற்றுக்கொண்டிருந்தாள்.

மாமனார் துளசிங்கம் ரயில்வேயில் தண்டவாள வேலை பார்த்தவர். எலும்பு பெரிது. சதை வற்றிய பிறகும் எலும்பின் கனம் அப்படியே இருந்தது. அவருடைய மகன், தேவயானியின் கணவர் குணசேகரன் அரக்கோணத்தில் ரயில்வே பட்டறையில் வேலை செய்கிறார். காலை ஐந்தே முக்கால் வண்டிக்குக் கிளம்பும்போது, செருப்பை மாட்டிக்கொண்டே, "நைனாவ பாத்துக்கோ" என்பார். பதினான்கு மாதமாக ஒரு நாள் தவறாமல் அப்படிச் சொல்லிக்கொண்டிருந்தார். சொல்லாவிட்டால் அவள் பார்த்துக்கொள்ள மாட்டாள் என்பது போல.

அன்று காலை தூக்கும்போது தேவயானி பாதியில் நின்றுவிட்டாள். அவருடைய மார்பு அவள் தோளில் சாய்ந்திருந்தது. அவள் கைகள் அவரை மேலே தள்ளின. அவர் அவள் கைகளைக் கீழே தள்ளினார். அவள் எவ்வளவு தள்ளினாளோ, அவரும் அவ்வளவு. அவரைக் கேட்டு நடக்கிற காரியம் இல்லை அது. இங்கே இருப்பது இரண்டு உடம்பு, அவற்றுக்கு நடுவே ஒரு தள்ளல். பூமி அவரை இழுப்பது வேறு. அது அவருக்கும் பூமிக்கும் நடுவில் உள்ள விவகாரம். அதில் தேவயானிக்கு இடமில்லை.

"இன்னா மா... நின்னுட்ட?" அவர் வாய் ஒரு பக்கமாகக் கோணி வார்த்தை வந்தது.

"ஒண்ணும் இல்ல மாமா. ஒரு கணக்கு."

"பள்... பள்ளிக்கூடமா?"

"ஆங். பள்ளிக்கூடம்தான்."

மறுபடி மூச்சைப் பிடித்துத் தூக்கினாள். முதுகில் சுருக்கென்று ஒன்று ஓடியது. அது இன்று சாயங்காலம் வரை இருக்கும்.

நான்கு நாளாக அரித்துக்கொண்டிருந்தது அந்தக் கணக்கு. தொடங்கியது ஆசிரியர் அறையில். பதினொன்றாம் வகுப்புக்கு இயற்பியல் எடுக்கும் பிரேம்குமார் அலமாரியைக் காலி செய்துகொண்டிருந்தார். முப்பது வயது இருக்கும். சோளிங்கரிலிருந்து போன ஜூனில்தான் இந்தப் பெண்கள் பள்ளிக்கு வந்தவர். வந்த வாரமே புதுப் பிள்ளைகளுக்கு அவர் வைத்த ஒரு தேர்வின் தாள்கள் அலமாரியின் அடியில் கிடைத்தன. தூசி தட்டிப் பார்த்தவர் சிரித்துவிட்டார்.

"இதப் பாருங்க மேடம். அம்பது பேருல நாப்பத்தெட்டு பேருக்கு ஒரே தப்பு. மேசை மேல புத்தகம் இருக்குது. புத்தகத்தோட எடை கீழ, மேசை தள்ற விசை மேல. இது ரெண்டும் விசை, எதிர்விசைன்னு எழுதியிருக்குதுங்க. அதுவும் ஒரே வரி, ஒரே வார்த்தை. யாரோ சொல்லச் சொல்ல எழுதின மாதிரி."

தேவயானி கையிலிருந்த தேநீரை ஒரு வாய் குடித்தாள். "தப்பா சார் அது?"

"ஆமா மேடம். ரெண்டும் புத்தகம் மேலதான செயல்படுது? ஒரே பொருள் மேல வர்ற ரெண்டு விசை எப்படி மூணாம் விதி ஆவும்? பூமி புத்தகத்த இழுத்தா, புத்தகம் பூமிய இழுக்கும். அதான் ஜோடி. கீழ் கிளாஸ்ல யாரு இத நடத்துறாங்கன்னு தெரியல."

யார் என்று தெரிந்தேதான் சொல்கிறாரா என்று அவர் முகத்தைப் பார்த்தாள். தெரிந்த மாதிரி இல்லை. அது இன்னும் சங்கடமாக இருந்தது. "அப்படியா சார்" என்று சொல்லிவிட்டுக் கோப்பையைக் கழுவப் போனாள்.

இருபத்திரண்டு வருடம். வருடத்துக்கு இரண்டு பிரிவு. தேவயானி வேதியியல் படித்தவள். ஒன்பது, பத்தாம் வகுப்புக்கு அறிவியல் என்றால் எல்லாவற்றையும் ஒருவரே எடுக்க வேண்டும். வேலைக்குச் சேர்ந்த வருடம், ஓய்வு பெற்றுப் போன கெங்கம்மாள் டீச்சரின் குறிப்பு நோட்டை வாங்கி, பழுப்பு அட்டை போட்ட நோட்டு ஒன்றில் இயற்பியல் பாடங்களை எழுதிக்கொண்டாள். அந்தப் புத்தகமும் மேசையும் அதில்தான் இருந்தன. அழகான படம். கீழே ஓர் அம்பு, மேலே ஓர் அம்பு, இரண்டும் ஒரே நீளம். வருடா வருடம் அதைக் கரும்பலகையில் வரைந்தாள். படத்துக்குக் கீழே, பாடநூலில் இருந்தபடியே, விசையும் எதிர்விசையும் எப்போதும் இரண்டு வெவ்வேறு பொருள்களின் மேல் செயல்படும் என்று உரக்கப் படித்தாள். பிள்ளைகளையும் படிக்கச் சொன்னாள். வரைந்தது ஒன்று, படித்தது ஒன்று. இருபத்திரண்டு வருடத்தில் இரண்டும் ஒன்றோடொன்று முட்டிக்கொள்வது அவள் காதில் விழவே இல்லை.

விழவே இல்லை என்று சொல்ல முடியுமா?

சுஹானா கேட்டாள். போன வருடம் ஜூலை மாதம், பத்தாம் வகுப்பு பி பிரிவில், நான்காம் பாடவேளையில். ஜன்னல் ஓரம் இரண்டாம் பெஞ்சில் உட்காரும் பெண். அப்பா பாஷா, பேருந்து நிலையத்துக்குப் பின்னால் இரு சக்கர வண்டி மெக்கானிக் கடை வைத்திருப்பவர். கையைத் தூக்கிக்கொண்டே எழுந்து நின்றாள்.

"மிஸ், விசையும் எதிர்விசையும் ஒண்ணு இல்லாம ஒண்ணு இருக்காதுன்னு சொன்னீங்க இல்ல?"

"ஆமா."

"மேசைய எடுத்துட்டா?"

"எடுத்துட்டா இன்னா?"

"மேசை மேல தள்றது போயிடும். ஆனா புத்தகத்தோட எடை எங்கயும் போவலியே மிஸ். அது இருக்கறதாலதான கீழ விழுது? ஒண்ணு போயி ஒண்ணு இருக்குதுன்னா அது ரெண்டும் எப்படி ஜோடி ஆவும்? எடைக்கு ஜோடி வேறன்னு நெனைக்கிறேன் மிஸ். பூமி புத்தகத்த இழுக்குது, அப்ப புத்தகமும் பூமிய இழுக்கணும்."

புத்தகம் பூமியை இழுக்கிறது என்றதும் பின் பெஞ்சில் துர்கா களுக்கென்று சிரித்தாள். சிரிப்பு நாலைந்து பேருக்குப் பரவியது. அந்தச் சமயத்தில் தேவயானி ஒரு வார்த்தை சொல்லி நிறுத்தியிருக்கலாம். அவள் நிறுத்தவில்லை. தானும் சேர்ந்துகொண்டாள்.

"அப்போ நீ தடுக்கி வுழுந்தா, நம்ம மலை எகிறி வந்து உன் நெத்தியில முட்டுமா?"

ஜன்னலுக்கு வெளியே, கோயில் கோபுரத்தோடு, மலை சும்மா நின்றுகொண்டிருந்தது. வகுப்பு முழுவதும் அதைத் திரும்பிப் பார்த்துச் சிரித்தது. சுஹானா உட்கார்ந்தாள். அன்றிலிருந்து அவள் பெயர் பூமி. யாராவது பேனாவைக் கீழே போட்டால், "ஏய் பூமி, உன்ன இழுத்துடுச்சு பாரு" என்பார்கள். அவள் வகுப்புக்குள் வந்தால் துர்கா பெஞ்சைக் கெட்டியாகப் பிடித்துக்கொள்வாள். பிறகு அந்த வருடம் முழுக்க சுஹானா கை தூக்கவில்லை.

அன்று ஏன் அப்படிச் சொன்னோம் என்று நான்கு நாளாக தேவயானி தன்னையே கேட்டுக்கொண்டிருந்தாள். மாமனாரை இரண்டாம் முறை ஆஸ்பத்திரியில் சேர்த்திருந்த வாரம் அது. இரவெல்லாம் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டுக் காலையில் வகுப்புக்கு வந்திருந்தாள். பாடம் பின்தங்கியிருந்தது, கணினியில் ஏற்ற வேண்டிய விவரங்கள் ஏறாமல் கிடந்தன. காரணமாகச் சொல்ல அது போதும். ஆனால் சுஹானா 'மேசைய எடுத்துட்டா' என்றபோது உள்ளே ஏதோ ஒன்று தட்டியது என்பதும் உண்மைதான். தட்டியது அவளுக்குக் கேட்டது. எழுந்து போய்த் திறக்க முடியாதபடி களைப்பாக இருந்தது. இல்லை, இதிலும் பொய் இருக்கிறது. திறந்தால் இருபத்திரண்டு வருடத்தையும் வெளியே எடுத்துப் போட்டுப் பார்க்க வேண்டியிருக்கும். அந்தப் பயத்துக்குத்தான் அவள் களைப்பு என்று பெயர் வைத்துக்கொண்டாள். களைப்பு என்றால் யாரும் மேற்கொண்டு கேட்க மாட்டார்கள்.

பதினொன்றாம் வகுப்புச் சேர்க்கையின் மூன்றாம் நாள் அது. முந்தின நாள் மாலைச் செய்தியில் வெயில் பட்டியலில் திருத்தணியை முதலாவதாகச் சொல்லியிருந்தார்கள். அதைப் பெருமை மாதிரி எல்லோரும் சொல்லிக்கொண்டிருந்தார்கள். பத்தாம் வகுப்பு பி பிரிவு அறையிலேயே மேசை போட்டிருந்தது. சான்றிதழைச் சரிபார்த்துவிட்டு வருகிறவர்களுக்கு எந்தப் பாடப்பிரிவு என்று கேட்டு எழுதுவது தேவயானியின் வேலை. இயற்பியல் உள்ள பிரிவு என்றால் படிவம் பக்கத்தில் உட்கார்ந்திருந்த பிரேம்குமாரிடம் போகும். வணிகவியல் என்றால் எதிர் மேசைக்கு. தாழ்வாரத்தில் வரிசை வாசல் வரை நீண்டிருந்தது. பாதிப்பேர் போன வருடத்துப் பி பிரிவுப் பெண்கள். பெற்றோர் விசிறிக்கொள்ள, பெண்கள் சுவரில் சாய்ந்து பேசிக்கொண்டிருந்தார்கள்.

தலைமை ஆசிரியை ரஞ்சிதம் அரை மணிக்கு ஒரு தரம் எட்டிப் பார்த்தார். "தேவயானி, கொஞ்சம் வேகமா. வெயில்ல நின்னுகினு இருக்காங்க."

எல்லோரும் சொல்வார்கள், தேவயானி நிதானமானவள் என்று. பள்ளி ஒரு பக்கம் இழுக்கும், வீடு ஒரு பக்கம் இழுக்கும், அவள் அசைய மாட்டாள் என்று. சமமான இரண்டு விசைகள் ஒரே பொருள் மேல் எதிரெதிராக வந்தால் பொருள் நின்ற இடத்தில் நிற்கும். வெளியிலிருந்து பார்த்தால் அதன் மேல் எந்த விசையும் இல்லாதது போலவே இருக்கும். அவளுடைய நிதானம் அதுதான். வேறு ஒன்றுமில்லை.

பதினொன்றரை மணிக்கு பாஷா வந்து நின்றார். சட்டைப் பையில் ஸ்பேனர். பின்னால் சுஹானா. போன வருடத்தைவிட உயரமாகியிருந்தாள்.

"வணக்கம் மேடம். நம்ம பொண்ணு. நானூத்தி அம்பத்தி நாலு." மதிப்பெண்ணைச் சொல்லிவிட்டு அவரே சிரித்தார். "யாரு மாதிரி வந்தான்னு தெரில. என்கிட்ட இருந்து இல்ல, அது மட்டும் நிச்சயம்."

"அறிவியல்ல தொண்ணூத்தொண்ணு" என்றாள் தேவயானி, படிவத்தைப் பார்த்து. "எந்த குரூப்?"

"காமர்ஸ் போட்டுக்குங்க."

பேனா அந்தக் கட்டத்தின் மேல் நின்றது. "கணக்குல தொண்ணூத்தி ஏழு எடுத்திருக்கா. ஏன் காமர்ஸ்?"

"நான் இன்னா மேடம் சொல்றது? வூட்டுல ஒரு சாமான் முழுசா இருக்காது. மிக்ஸிய பிரிச்சிப் போட்டுகினு உக்காந்திருப்பா. பொண்ணு இஞ்சினீர்னு நான் கடையில சொல்லி வெச்சிருக்கேன். இப்ப கேட்டா பிசிக்ஸே வாணாம்ன்றா. ஏன்னு கேட்டா சொல்ல மாட்டேன்றா. அவங்கம்மா ஹுசைனாவும் கேட்டுப் பாத்துட்டா. நீங்களாச்சும் கேளுங்க, உங்க ஸ்டூடண்டுதான?"

தேவயானி கேட்கவில்லை. ஏன் என்று அவளுக்குத் தெரியும். அந்தக் கட்டத்தில் ஒரு வார்த்தை எழுதினால் போதும். பெண் எதிர் மேசைக்குப் போய்விடுவாள், வரிசை நகரும். பிரேம்குமாருக்கு எதுவும் தெரியாமலே போய்விடும். கெங்கம்மாள் டீச்சரின் படத்தை இந்த வருடத்திலிருந்து சத்தமில்லாமல் மாற்றிக்கொள்ளலாம். யாருக்கும் ஒன்றும் ஆகாது, இந்த ஒருத்தியைத் தவிர. காலையில் மாமனாரின் கனம் அழுத்திய இடம் முதுகில் விண்விண்ணென்று தெறித்தது.

பேனாவை மூடி வைத்தாள்.

"சுஹானா, போன வருஷம் மேசை மேல புத்தகம் வெச்சு ஒரு கேள்வி கேட்டியே. நீ சொன்னதுதான் சரி. நான் நடத்தினது தப்பு."

பக்கத்தில் பிரேம்குமார் முத்திரை குத்துவதை நிறுத்தினார். அவர் கழுத்து சிவந்தது. பாஷா இருவரையும் மாறி மாறிப் பார்த்தார்.

"தெரியும் மிஸ்" என்றாள் சுஹானா.

"எப்போ தெரியும்?"

"அப்பவே தெரியும்."

"பின்ன அரையாண்டுல இதே கேள்விக்கு நான் சொன்ன மாதிரியே எழுதியிருந்தியே?"

"மார்க் வேணுமே மிஸ்."

கோபமாகச் சொல்லவில்லை. கடையில் என்ன விலை என்று கேட்டால் சொல்வது போலச் சொன்னாள். தேவயானிக்கு அதுதான் தாங்க முடியாமல் இருந்தது. தப்பு என்று தெரிந்தே எழுதுவதை, பதினைந்து வயதுப் பெண்ணுக்கு, மதிப்பெண் போட்டுப் பழக்கியிருக்கிறாள். நல்ல பதில், முழு மதிப்பெண் என்று சிவப்பு மையில் எழுதியதுகூட நினைவிருந்தது.

"நான் உன்ன கிண்டல் பண்ணியிருக்கக் கூடாது. மனசுல வெச்சுக்காத."

"பரவால்ல மிஸ்." சுஹானா தரையைப் பார்த்தாள். பிறகு நிமிர்ந்தாள். "ஆனா இத என்கிட்ட மட்டும் சொன்னா எப்படி மிஸ்? சிரிச்சது நாப்பத்தோரு பேரு. வருஷம் பூரா பூமி பூமின்னு கூப்ட்டாங்க. இன்னைக்குக்கூட லைன்ல கூப்ட்டாங்க."

"அடியே" என்று பாஷா அதட்டினார். "மேடம்கிட்ட இன்னா பேச்சு பேசற?"

"இருங்க பாய்" என்றாள் தேவயானி. "அவ சரியாத்தான் கேக்கறா."

எழுந்தாள். எழுவதற்கு மேசையைக் கையால் அழுத்த வேண்டியிருந்தது. தாழ்வாரத்து வாசலுக்குப் போவதற்குள், திரும்பிவிடலாம், தண்ணீர் குடிக்க வந்ததாகச் சொல்லிக்கொள்ளலாம் என்று ஒரு தரம் தோன்றியது. வாசல் வந்துவிட்டது.

"பி செக்ஷன் பிள்ளைங்கள்லாம் இங்க பாருங்க."

பேச்சு அடங்கியது. விசிறிகள் மட்டும் ஆடின.

"போன வருஷம் மூணாம் விதி நடத்தும்போது மேசை, புத்தகம்னு ஒரு படம் போட்டேன் இல்ல? எடையும் மேசை தள்றதும் விசை, எதிர்விசைன்னு சொன்னேன். அது தப்பு. சுஹானா அப்பவே எழுந்து சொன்னா. அவ சொன்னதுதான் சரி. நான் ஒத்துக்காம சிரிச்சேன், நீங்களும் சிரிச்சீங்க. என் தப்பு அது. இனிமே யாரும் அவள அந்தப் பேரு வெச்சுக் கூப்பிடக் கூடாது."

மலையிலிருந்து ஒலிபெருக்கிச் சத்தம் லேசாக வந்தது. வரிசையில் நின்ற ஓர் அம்மா பக்கத்திலிருந்தவரைக் கேட்டாள்: "இன்னா சொல்றாங்க? எம்பொண்ணுக்கு மார்க்க கொறைச்சிடுவாங்களா?"

"இல்லம்மா, சும்மா இரு" என்றாள் அவள் மகள்.

துர்கா சுவரிலிருந்து நிமிர்ந்தாள். "அப்போ மலை எகிறுமா மிஸ்?" என்று கேட்டாள். கேலியாகத்தான் கேட்டாள், ஆனால் பதில் வேண்டும் என்பதும் முகத்தில் இருந்தது. இரண்டு பேர் சிரித்தார்கள்.

"அதத்தான் நானும் கேக்கணும்னு இருந்தேன்" என்று பின்னாலிருந்து குரல் வந்தது. சுஹானா வாசல் வரை வந்து நின்றிருந்தாள். "புத்தகம் மேசை மேல சும்மா இருக்குது. அப்பவும் அது பூமிய மேல இழுத்துகினுதான இருக்குது? அப்ப பூமி ஏன் மேல வரல மிஸ்?"

"பூமி ரொம்ப பெருசு, நிறை..." என்று தொடங்கிய தேவயானி நிறுத்தினாள்.

"பெருசா இருந்தாலும் கொஞ்சமாச்சும் நகரணும் இல்ல? மயிரிழையாச்சும். நாள் பூரா, வருஷம் பூரா இழுத்துகினே இருக்குதே."

நிறை அதிகம் என்று சொன்னால் கேட்டுக்கொள்வார்கள். வாக்கியம் நாக்கு நுனியில் தயாராக இருந்தது. போன ஜூலையிலும் இப்படித்தான் ஒன்று தயாராக இருந்தது.

"தெரியல" என்றாள்.

பிரேம்குமார் உள்ளேயிருந்து நாற்காலியை நகர்த்தினார். "அது வந்து, மேடம்..."

"சார், இருங்க. நீங்க சொல்லாதீங்க. நானே பாத்துட்டு வர்றேன்." சுஹானாவிடம் திரும்பினாள். "நாளைக்குச் சொல்றேன்."

சுஹானா சிறிது யோசித்தாள். உள்ளே போய், மேசை மேலிருந்த தன் படிவத்தை எடுத்து நான்காக மடித்தாள். "அப்போ இதையும் நாளைக்கே தர்றேன் மிஸ்."

"ஏய், நாளைக்கும் கடைய சாத்திட்டு வரணுமா நானு?" என்றார் பாஷா. ஆனால் அவர் முகத்தில் சிரிப்பு வந்திருந்தது. நடந்தது இன்னதென்று புரியாத சிரிப்பு. போகும்போது பிரேம்குமாருக்கும் ஒரு வணக்கம் வைத்துவிட்டுப் போனார்.

ரஞ்சிதம் மதியம் தனியாகக் கூப்பிட்டுக் கேட்டார். "பேரண்ட்ஸ் எல்லாம் இருக்கறப்பவா தேவயானி? ரூமுக்குள்ள கூப்ட்டு சொல்லியிருக்கலாமே."

"சிரிச்சது ரூமுக்குள்ள இல்லையே மேடம், கிளாஸ்ல" என்றாள். அதற்கு மேல் பேசத் தெம்பில்லை. பிரேம்குமார் நாள் முழுக்க அவள் கண்ணைப் பார்க்காமல் முத்திரை குத்தினார். சாயங்காலம் கிளம்பும்போது, "எனக்குத் தெரியாது மேடம், சத்தியமா. நீங்கன்னு தெரிஞ்சிருந்தா அப்படிப் பேசியிருக்க மாட்டேன்" என்றார். "தெரியாததே நல்லது சார். தெரிஞ்சிருந்தா சொல்லியிருக்க மாட்டீங்களே" என்றாள்.

வீட்டுக்கு நடந்து வரும்போது சாலையோரத்தில் மஞ்சள் வேட்டி கட்டிய இரண்டு பேர் காவடியை இறக்கி வைத்துவிட்டுத் தோளைத் தேய்த்துக்கொண்டிருந்தார்கள். மனதை லேசாக்கும் காரியம் ஒன்றைச் செய்துவிட்டதாக அவளுக்குத் தோன்றவில்லை. கால் வலித்தது. அவமானமாக இருந்தது. இருபத்திரண்டு வருடத்தில் படித்துவிட்டுப் போனவர்களை எந்தத் தாழ்வாரத்தில் நிறுத்தி வைத்துச் சொல்வது? அவர்களில் சிலர் இப்போது டீச்சர்கள். ஆர்.கே.பேட்டையில் ஒருத்தி இருக்கிறாள். அந்தப் படத்தை அவளும் வரைந்துகொண்டிருப்பாள்.

ஆறரை மணிக்கு குணசேகரன் வந்தார். மாமனாருக்கு உடம்பு துடைக்கும் நேரம். தேவயானி கட்டிலருகே நின்றாள். முழங்காலை மடக்கி வைத்தாள். கையைக் கொடுக்காமல் நிமிர்ந்தாள்.

"வாங்க. அந்தப் பக்கம் புடிங்க."

"யாரு, நானா?"

"வேற யாரு இருக்காங்க?"

"பேண்ட்ட மாத்திட்டு வரேன் இரு."

"அப்படியே வாங்க."

அவள் குரலில் ஏதோ இருந்திருக்க வேண்டும். அவர் டிபன் பையைக் கீழே வைத்துவிட்டு வந்தார். எங்கே பிடிப்பது என்று தெரியாமல் நைனாவின் கையைப் பிடித்தார். அக்குளில் என்று அவள் காட்டினாள். இருவரும் தூக்கினார்கள்.

"யப்பா" என்றார் குணசேகரன். "இவ்ளோ கனமா நைனா நீ?"

துளசிங்கத்தின் வாய் ஒரு பக்கமாகச் சிரித்தது. பதினான்கு மாதம் கழித்து மகனுக்குத் தன் அப்பாவின் கனம் தெரிந்திருந்தது. இவ்வளவு நாளும் கணவரைக் கூப்பிடாமல் இருந்ததும், வகுப்பில் கேள்வியை மூடியதும் ஒரே இடத்திலிருந்து வந்தவையோ என்று தேவயானிக்கு ஒரு யோசனை வந்து போனது. கேட்டுவிட்டால் பதில் வந்துவிடும் என்ற பயம். வரும் பதில் எதுவானாலும் அதை வைத்துக்கொண்டு வாழ வேண்டியிருக்கும்.

வாளித் தண்ணீரில் துணியைப் பிழியக் குனிந்தபோதுதான் பார்த்தாள். கட்டில் காலுக்குக் கீழே, சிவப்புச் சிமெண்டுத் தரை லேசாகக் குழிந்திருந்தது. நான்கு காலுக்கும் நான்கு குழி. அவர் கட்டிலை அழுத்துகிறார். கட்டில் தரையை அழுத்துகிறது. தரை பூமியை.

அப்படியே குந்தி உட்கார்ந்தாள். துணியிலிருந்து தண்ணீர் சொட்டியது.

இவர் பூமியை மேலே இழுக்கிறார். இவரேதான் கட்டில் வழியாகப் பூமியைக் கீழே அழுத்துகிறார். அதே அளவு. இரண்டும் பூமியின் மேல். அதனால் பூமி நின்ற இடத்தில் நிற்கிறது. பெரிதாக இருப்பதால் இல்லை. மயிரிழையும் நகராது.

"இன்னாடி, முதுகு புடிச்சிகிச்சா?" என்றார் குணசேகரன், அப்பாவைத் தாங்கிப் பிடித்தபடியே.

"இல்ல. புடிச்சிகினே இருங்க. வுட்டுடாதீங்க."

சுவர் நாள்காட்டியிலிருந்து தேதிக் காகிதம் ஒன்றைக் கிழித்து அதன் பின்பக்கம் அம்புகளை வரைந்தாள். மொத்தம் ஆறு. மூன்று ஜோடி. எந்த ஜோடியின் இரண்டு அம்பும் ஒரே பொருளின் மேல் இல்லை.

மறுநாள் காலை எட்டே முக்காலுக்கு பாஷாவின் வண்டி பள்ளி வாசலில் நின்றிருந்தது. எஞ்சின் அணைக்கப்படவில்லை. சுஹானா இறங்கி வந்தாள். தேவயானி தேதிக் காகிதத்தை வண்டி இருக்கையின் மேல் விரித்து, பேனாவால் ஒவ்வோர் அம்பாகக் காட்டினாள். சுஹானா குனிந்து நெடுநேரம் பார்த்தாள். விரலால் ஓர் அம்பை மறைத்தாள், எடுத்தாள், மறுபடி மறைத்தாள்.

"மேசைய எடுத்துட்டா?"

"கீழ அழுத்தறது போயிடும். இழுக்கறது மட்டும்தான் இருக்கும்."

"அப்போ நகரும்."

"ஆங். புத்தகம் விழுந்து முடியற வரைக்கும். எந்தக் கருவியாலயும் அளக்க முடியாது."

"ஆனா நகரும்."

"நகரும்."

"ஏம்மா, முடிஞ்சுதா?" என்றார் பாஷா. "பெட்ரோல் எரியுது."

சுஹானா மடித்த படிவத்தை எடுத்தாள். தேவயானியின் கையிலிருந்தே பேனாவை வாங்கி, இருக்கையின் மேல் வைத்து எழுதினாள். எஞ்சின் அதிர்ந்ததில் எழுத்து கோணலாக விழுந்தது. நீட்டினாள். தேதிக் காகிதத்தைத் திருப்பிக் கொடுக்கவில்லை.

தாழ்வாரத்தில் அன்றைய வரிசை தொடங்கியிருந்தது. தேவயானி உள்ளே போய் உட்கார்ந்தாள். முதுகு வலி நேற்று இருந்த இடத்திலேயே இருந்தது. படிவத்தின் மடிப்பை உள்ளங்கையால் நீவி, பிரேம்குமார் பக்கமிருந்த அடுக்கின் மேல் வைத்தாள்.

"அடுத்தது யாரு? வாங்க" என்றாள்.